கூடைக்கு முந்தைய பாஸ்

1997 ஜூன் 13, சிகாகோ. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றில் 6ஆவது ஆட்டம். சிகாகோ புல்ஸும் யூட்டா ஜாஸும் 86-86 என்று சமமாக நிற்கின்றன. மீதமிருப்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. பந்து புல்ஸிடம் இருக்கிறது. அது மைக்கேல் ஜோர்டானிடம்தான் போகும் என்பது அரங்கில் இருந்த கடைசி ஆளுக்கும் தெரியும். ஜோர்டானுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. தன்னை மறிக்க இரண்டாவது ஆளாக ஜான் ஸ்டாக்டன் ஓடிவருவார். அவர் வந்தால், அதுவரை அவர் காவல் காத்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கெர் தனியாக நிற்பார். டைம் அவுட்டின்போது பெஞ்சில் உட்கார்ந்தபடியே இதைக் கெரிடம் சொன்னார். தயாராக இருப்பேன் என்றார் கெர்.

சொன்னபடியே நடந்தது. ஜோர்டான் மேலே எழும்ப, ஸ்டாக்டன் வர, பந்து கெரின் கைக்குப் போனது. 5 விநாடி மீதமிருக்கையில் கெர் போட்ட பந்து கூடைக்குள் விழுந்தது. 90-86 என்று ஆட்டம் முடிந்து, பட்டம் சிகாகோவுக்குப் போனது. அன்று 39 புள்ளிகள் எடுத்திருந்த ஜோர்டான், ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பை இன்னொருவர் கையில் கொடுத்திருந்தார்.

இதே இருவரும் 1995இல் பயிற்சி முகாமில் கைகலப்பில் இறங்கியவர்கள். ஜோர்டானின் குத்து கெரின் முகத்தில் விழுந்தது. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் ஜோர்டானை வெளியே அனுப்பினார். பிறகு ஜோர்டானே கெரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பின்தான் தங்களுக்குள் மதிப்பு வளர்ந்தது என்று கெர் பல முறை சொல்லியிருக்கிறார்.

பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் என்று புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள கடலோர ஊர்களிலும் இன்று என்.பி.ஏ. ஆட்டத் துணுக்குகள் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. 10 விநாடித் துணுக்கு. ஒருவர் பறந்து வந்து பந்தைக் கூடைக்குள் அடிக்கிறார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இன்னொருவர் எதிராளியின் வழியை மறித்து நின்றதும், மூன்றாமவர் ஓரத்துக்கு ஓடிக் காவலாளை இழுத்துக்கொண்டு போனதும், நான்காமவர் தானே போட்டிருக்கக்கூடிய பந்தைக் கைமாற்றிவிட்டதும் வெட்டப்பட்டுவிடுகின்றன. “டீம் செட் ஆகிவிட்டது” என்று நாம் சொல்கிறோமே, அது முழுக்க அந்த வெட்டப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பகுதியைப் பற்றியது.

கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்குள் பக்கத்துக்கு ஐந்து பேர், ஆக பத்துப் பேர். பந்து கிடைத்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். கிரிக்கெட்டில் பந்து வீசுபவரும் அடிப்பவரும் பெரும்பாலும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். மற்றவர்கள் சரியில்லாவிட்டாலும் ஒருவர் சதம் அடித்துவிட முடியும். இங்கே அந்தத் தனிமை கிடையாது. ஐவரும் தாக்க வேண்டும், ஐவரும் காக்க வேண்டும். ஒருவர் இரண்டடி தவறி நின்றால் மற்ற நால்வரின் இடமும் சுருங்கிவிடும்.

ரோடெரிக் ஸ்வாப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கூடைப்பந்திலும் கால்பந்திலும் நட்சத்திரங்களைச் சேர்க்கச் சேர்க்க அணி முன்னேறுகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சேர்த்தால் அணி பின்னுக்குப் போகத் தொடங்குகிறது. பேஸ்பாலில் அப்படி ஆகவில்லை, ஏனென்றால் அங்கே ஒருவருடைய வேலை அடுத்தவருடையதை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. கூடைப்பந்தில் பந்து ஒன்றுதான். தன் கையில் வேண்டும் என்று ஐந்து பேர் நினைத்தால் 24 விநாடி போதாது.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஓர் ஆட்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் பிக் அண்ட் ரோல். பந்து வைத்திருப்பவரைக் காக்கும் ஆளின் வழியில் உயரமான சக வீரர் ஒருவர் வந்து அசையாமல் நிற்கிறார். இந்த மறிப்புதான் ஸ்கிரீன். பந்து வைத்திருப்பவர் அவரை உரசிக்கொண்டு கடக்கிறார். காவலாள் மாட்டிக்கொள்கிறார். மறித்து நின்றவர் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். இப்போது எதிரணியின் இரண்டு காவலாட்கள் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டும்: பந்தைத் துரத்துவதா, ஓடுபவரைத் துரத்துவதா? அவர்கள் எதைச் செய்தாலும் அதற்கு மாற்று இருக்கிறது. ஆனால் அந்த மாற்றை இருவரும் ஒரே நொடியில் ஒரே மாதிரி படித்திருக்க வேண்டும். ஓடுபவர் இடது பக்கம் திரும்புவார் என்று நினைத்துப் பந்தை விட்டு, அவர் வலது பக்கம் திரும்பினால் பந்து வெளியே போய் விழும்.

இதை யாரையும்விட அதிகக் காலம் சேர்ந்து செய்தவர்கள் யூட்டா அணியின் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும். 1985 முதல் 2003 வரை 18 பருவங்கள் ஒரே அணி. ஸ்டாக்டன் 15,806 அசிஸ்ட்டுகளோடு (சக வீரர் கூடையில் போடக் கொடுத்த பாஸ்கள்) ஓய்வுபெற்றார், என்.பி.ஏ.வில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தொடவில்லை. மலோன் 36,928 புள்ளிகள் எடுத்தார். இருவரும் செய்தது பெரும்பாலும் இந்த ஒரே வேலையைத்தான். எதிரணிக்கு அது வருமென்று தெரியும், ஆனாலும் தடுக்க முடியவில்லை. ஒருவர் தோள் திரும்பும் கோணத்தைப் பார்த்தே அடுத்தவர் பந்தை விட்டுவிடும் அளவுக்கு அந்தப் பழக்கம் ஊறியிருந்தது.

காவல் பக்கத்தில் இந்தப் புரிதல் காதுக்கே கேட்கும். நல்ல அணி காவல் காக்கும்போது சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து ஸ்கிரீன் வருவதை முன்னால் நிற்பவரால் பார்க்க முடியாது. பின்னால் நிற்பவர்தான் “இடது பக்கம் வர்றான்”, “மாத்திக்கோ”, “நான் பார்த்துக்கறேன்” என்று கத்த வேண்டும். ஒருவர் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்குப் போனால், அவர் விட்ட ஆளை மூன்றாமவர் எடுக்க வேண்டும், மூன்றாமவர் விட்டதை நான்காமவர். “நான் போனால் எனக்குப் பின்னால் ஆள் வரும்” என்ற உறுதி இல்லாதவர் உதவிக்குப் போகவே மாட்டார். அணிக்குள் நம்பிக்கை என்று எல்லோரும் பொதுவாகப் பேசுவது, களத்தில் இந்த ஓரடியாகத்தான் வெளிப்படுகிறது.

இனி 2004ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்த விஷயத்தைப் படிக்க அதைவிட நல்ல ஆண்டு கிடையாது என்பது என் எண்ணம். ஸ்டாக்டன் ஓய்வுபெற்றதும் கார்ல் மலோன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனார். கேரி பேட்டனும் அங்கே வந்து சேர்ந்தார். ஷாகில் ஓ’நீலும் கோபி பிரையன்ட்டும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். நான்கு பெரும் பெயர்கள் ஒரே அணியில். இறுதிச் சுற்றில் எதிர்த்து நின்றது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். சான்சி பில்லப்ஸ் பல அணிகள் கைமாற்றிவிட்ட ஆட்டக்காரர். பென் வாலஸை, புது வீரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்ட் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. ரிச்சர்ட் ஹாமில்டன், டேஷான் பிரின்ஸ், ரஷீத் வாலஸ் என மற்ற மூவரும் நல்ல வீரர்களே. ஆனால் லேக்கர்ஸ் வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பேச யாரும் துணியவில்லை. பிஸ்டன்ஸ் 4-1 என்று வென்றது. மலோனுக்கு முழங்காலில் அடி பட்டிருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணமென்றால், தோல்வி இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. கோபியும் ஷாக்கும் பந்துக்காகவும் முதலிடத்துக்காகவும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடையிலேயே ஷாக் மியாமிக்கு மாற்றப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே கோபியும் ஷாக்கும் நட்பாக இல்லாமலேயே 2000, 2001, 2002 என மூன்று பட்டங்கள் வென்றவர்கள். ஆக, ஒட்டி உறவாடுவது கட்டாயமில்லை. எந்தப் பந்து யாருடையது என்பதில் உடன்பாடு இருந்தவரை வென்றார்கள். அது உடைந்ததும் தோற்றார்கள். இன்னொரு பக்கம், ரஷீத் வாலஸ் டெட்ராய்ட்டுக்கு வந்தது அந்த ஆண்டு பிப்ரவரியில்தான். நான்கே மாதங்களில் செட் ஆகிவிட்டார். காலம் தேவைதான், ஆனால் வருகிறவர் தன் வேலை என்ன என்று தெரிந்து அதை மனதார ஏற்றுக்கொண்டால் காலம் சுருங்கும்.

பிஸ்டன்ஸின் பயிற்சியாளர் லாரி பிரவுன். பட்டம் வென்ற இரண்டே மாதத்தில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் பயிற்சியாளராக நின்றதும் அவரேதான். ஆலன் ஐவர்சன், டிம் டங்கன், இளம் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ அந்தோணி எல்லோரும் அந்த அணியில் இருந்தார்கள். சேர்ந்து பயிற்சி எடுத்தது சில வாரங்கள்தான். முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 92-73 என்று தோற்றார்கள். லித்துவேனியாவிடமும் தோற்றார்கள். அரையிறுதியில் அர்ஜென்டினா 89-81 என்று அவர்களை வெளியேற்றித் தங்கமும் வென்றது. மானு ஜினோபிலி, லூயிஸ் ஸ்கோலா போன்ற அர்ஜென்டினர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே நாட்டு அணியாக ஆடிப் பழகியவர்கள். பயிற்சியாளரின் அறிவு இரண்டு மாதத்தில் குறைந்துபோகவில்லை. குறைந்தது ஆட்டக்காரர்கள் சேர்ந்திருந்த நாட்கள். அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பு இதைப் புரிந்துகொண்டது. 2005இல் பொறுப்பேற்ற ஜெர்ரி கொலாஞ்சலோ, நாட்டுக்கு ஆட விரும்புகிறவர்கள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வர வேண்டும் என்று கேட்டார். 2008 பெய்ஜிங்கில் தங்கம் திரும்பியது.

சேர்ந்திருந்தால் மட்டும் போதாது, பங்கும் தெளிவாக இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியைப் பனித்திட்டு மீனவர் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படகு கரை வந்து மீன் விற்றதும், டீசலும் ஐஸும் போக, படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, தொழிலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிகிறது. அளவு படகுக்குப் படகு மாறலாம். ஆனால் கடலுக்குப் போகும் முன்பே அது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதில் குழப்பம் வந்தால் எவ்வளவு கைதேர்ந்தவரும் அடுத்த படகு பார்த்துப் போய்விடுவார். தொழில்முறைக் கூடைப்பந்தில் பங்கு மூன்று வகை: களத்தில் நிற்கும் நிமிடம், கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு, சம்பளம். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நிமிடம் குறைந்தால் புள்ளி குறையும், புள்ளி குறைந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் பணம் குறையும். பந்தை அடுத்தவருக்குக் கொடுப்பது ஒரு வீரரின் சொந்த வருமானத்தைத் தொடுகிற செயல். இதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு பாஸின் மதிப்பு தெரியும்.

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அர்ஜென்டினாவின் நாயகனான ஜினோபிலி, அங்கே பல ஆண்டுகள் முதல் ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆட ஒப்புக்கொண்டார். நான்கு பட்டங்கள் பெற்றார். 2013 இறுதிச் சுற்றில் மியாமியிடம் ஏழு ஆட்டங்கள் வரை போராடித் தோற்ற அந்த அணி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அதே ஆட்களோடு திரும்பி வந்தது. 48 நிமிட ஆட்டத்தில் அந்தப் பருவம் முழுவதும் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. களைப்பும் பகிரப்பட்டது, பெயரும் பகிரப்பட்டது. 2014இல் அதே மியாமியை 4-1 என்று வீழ்த்தினார்கள். நல்ல வாய்ப்பு கையில் இருக்கும்போதே, அதைவிட நல்ல வாய்ப்பில் நிற்பவருக்குப் பந்தைத் தள்ளிவிடும் அந்த ஆட்டங்கள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அளக்க முடியுமா? ஓரளவு முடியும். மைக்கேல் கிராஸும் சக ஆய்வாளர்களும் 2008-09 பருவத் தொடக்கத்து ஆட்டங்களைப் பார்த்து, வீரர்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்வதை எண்ணினார்கள்: கை தட்டிக்கொள்வது, தோளில் தட்டுவது, கட்டிப்பிடிப்பது. தொடக்கத்தில் அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பருவத்தின் பிற்பகுதியில் நன்றாக ஆடின. இதை வைத்து, தட்டிக்கொடுத்தால் வெற்றி வரும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒருவருக்கொருவர் உதவும் அணிகளில் தட்டிக்கொடுப்பதும் தானாக வருகிறது என்று கொள்வதே பொருத்தம்.

இன்னொரு ஆய்வு நமக்கு நெருக்கமானது. சத்யம் முகர்ஜியும், ஐஐடி மெட்ராஸில் படித்து அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் நோஷிர் கான்ட்ராக்டரும் மற்றவர்களும் 2019இல் வெளியிட்டது. என்.பி.ஏ., இங்கிலாந்துக் கால்பந்து, அமெரிக்க பேஸ்பால், ஓர் இணைய விளையாட்டு, நம் ஐ.பி.எல். ஆகியவற்றை ஆராய்ந்தார்கள். தனித்தனித் திறமையைக் கூட்டிக் கணக்கிட்டாலும், அதற்கு மேல் ஒன்று வெற்றியைத் தீர்மானிக்கிறது: இந்த ஆட்கள் இதற்கு முன் சேர்ந்து ஆடி வென்றிருக்கிறார்களா? வெறுமனே சேர்ந்திருந்தது போதாது, சேர்ந்து வென்றிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் 2018இல் திரும்பிய சென்னை சூப்பர் கிங்ஸ், தோனி, ரெய்னா, ஜடேஜா, பிராவோ என்று பழைய ஆட்களையே திரட்டியதை ‘வயதானவர்கள் அணி’ என்று பலர் கேலி செய்தார்கள். அந்த ஆண்டுக் கோப்பையை அவர்கள்தான் வென்றார்கள்.

இந்தியக் கூடைப்பந்தில் முழுநேரத் தொழில்முறை அணிகள் நிலைத்ததில்லை. சென்னை ஸ்லாம் அணி ஆடிய யு.பி.ஏ. லீக் 2015இல் தொடங்கி 2017க்குப் பின் நின்றுபோனது. பிறகு வந்த ஐ.என்.பி.எல். லீக்கின் முதல் பட்டத்தை 2023 ஜனவரியில் சென்னை ஹீட் வென்றது. ஆனால் இங்கே சேர்ந்து ஆடும் பழக்கத்தை உண்மையில் காத்து வைத்திருப்பவை ரயில்வே, வங்கி, சுங்கத்துறை போன்ற துறை அணிகள்தான். வேலை நிரந்தரம் என்பதால் அங்கே ஆட்களும் நிலையாக இருக்கிறார்கள், மாலைப் பயிற்சியும் நிற்பதில்லை. தேசியப் போட்டிகளில் இந்திய ரயில்வே பெண்கள் அணி ஆண்டாண்டு காலமாக ஆதிக்கம் செலுத்தியதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த ரயில்வே மரபிலிருந்து வந்தவர்தான் சென்னையின் அனிதா பால்துரை. 19 வயதிலேயே இந்திய அணிக்குக் கேப்டன். தாயான பின் மீண்டும் களத்துக்கு வந்து, 2017இல் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்று மேல் பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்தில், பதற்றமான கடைசி நிமிடங்களில் யார் எங்கே நிற்பார் என்று தேடாமலே தெரிந்த ஒருவர் களத்தில் இருப்பதன் மதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டாம். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் பக்கத்தில் 2014 ஜூலையில் வூஹானில், சீனாவின் சொந்த மண்ணில், சீனாவை 65-58 என்று வென்றது இந்தியா. 2012 முதல் ஸ்காட் ஃபிளெமிங் என்ற ஒரே பயிற்சியாளர் கையில் விஷேஷ் பிருகுவன்ஷி, அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் போன்றவர்கள் தொடர்ந்து ஆடிவந்த காலம் அது. போட்டிக்குச் சில வாரம் முன் முகாம் கூட்டி, முடிந்ததும் கலைத்துவிடும் வழக்கம் நமக்கு அதிகம் கொடுத்ததில்லை. பிள்ளைகளிடம் உயரமும் உழைப்பும் இருக்கின்றன. அவர்களுக்குக் கிடைக்காதது சேர்ந்திருக்கும் மாதங்கள்.

பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு கூடைக் கம்பம் இருந்தாலும் இதைப் பழகத் தொடங்கலாம். மூவர் எதிர் மூவர், அரைக் களம். ஒரே விதி: பந்தைத் தரையில் தட்டக் கூடாது. பிடித்தவர் நகர முடியாது, பாஸ் மட்டுமே கொடுக்கலாம். முதல் நாள் ஆட்டம் அங்கங்கே நின்றுபோகும். பந்து வைத்திருப்பவர் கையைத் தூக்கிக்கொண்டு ஆள் தேடுவார், மற்ற இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சில நாளில், பந்து இல்லாதவர்தான் ஓட வேண்டும் என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடும். அந்த ஆறு பேரை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் வைத்திருங்கள். எதிரணியைக் காக்கும்போது பேசாமல் நின்றால் ஒரு புள்ளி கழியும் என்றும் ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, பிடித்தவர் ஒரே ஒரு முறை பந்தைத் தட்டலாம் என்று அனுமதியுங்கள்.